கேட்ட நாவலும் படித்த நாவலும்

நாவல் படிப்பதில் நான் ஒரு சோம்பேறி. வணிகவியல் மாணவனாகிய எனக்குப் பேரேடும் இருப்புநிலைக் குறிப்புமே பாடம். நாவல் என்பது பேருந்துப் பயணத்திற்கும் விடுமுறை நாளுக்கும் உரிய துணை. சுவையான இடம் வந்தால் நின்று படிப்பேன். வருணனை வந்தால் தாண்டிவிடுவேன். பொறுமை இல்லாத நேரங்களில் கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிடுவதும் உண்டு. இத்தகைய வாசகன் ஒருவன், சென்ற ஓராண்டில் நான்கு நாவல்களைச் செவியால் கேட்டும் வாய்விட்டுப் படித்தும் பெற்ற அனுபவத்தைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். திறனாய்வாளரின் தராசு என்னிடம் இல்லை. பட்டதைச் சொல்கிறேன், அவ்வளவே.

இந்த அனுபவத்திற்குக் காரணமானவன் விடுதியில் என் பக்கத்து அறையில் இருக்கும் நண்பன். கோவில்பட்டிப் பக்கத்துக்காரன், வரலாற்று மாணவன், பிறவியிலேயே பார்வை இல்லாதவன். அவனுக்குரிய பாடங்களை நண்பர்கள் நாங்கள் முறை வைத்துப் படித்துக் கைப்பேசியில் பதிவு செய்து கொடுப்பது வழக்கம். எழுத்தைத் தானே படித்துச் சொல்லும் வசதி இன்று கைப்பேசியிலேயே இருக்கிறது. ஆயினும் நூலகத்தில் அச்சுப் புத்தகமாக மட்டும் கிடைக்கும் நாவலுக்கு ஒரு மனிதக் குரல்தான் வழி. ஒருநாள் அவன், “பாடம் போதும். ஒரு கதை வாசிச்சுக் குடு” என்றான். அங்கேதான் தொடங்கியது.

செவிக்கு வந்த நூல்

நூலைக் கேட்பது நமக்குப் புதிதன்று. திருக்குறளில் ‘கல்வி’ 40-ஆம் அதிகாரம். ‘கல்லாமை’ 41-ஆம் அதிகாரம். ‘கேள்வி’ 42-ஆம் அதிகாரம். கல்லாதவனைப் பற்றிச் சொன்ன கையோடு கேள்வியை வைத்த முறையை எண்ணிப் பார்க்கவேண்டும். ஊர்ப் பொதுவிடத்தில் ஒருவர் பாரதம் படிக்க, எழுத்தறியாத பலர் கூடியிருந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது.

நாவலோ அச்சு இயந்திரத்தின் பிள்ளை. தனியே அமர்ந்து கண்ணால் படிப்பதற்கென்று வளர்ந்தது. தமிழின் முதல் நாவல் எனப்படும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறிய ஆண்டு 1879. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர்த்தான், 1877-இல், எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கினார். இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்க நெடுநாள் ஆயிற்று. முதல் உலகப் போரில் பார்வை இழந்தவர்களின் தேவையை உணர்ந்த இங்கிலாந்தில், 1935-இல் இசைத்தட்டுகளில் நூல்கள் வெளிவரத் தொடங்கின. தொடக்கத்தில் வந்தவற்றுள் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் ஒன்றும் ஜோசப் கான்ராடின் கடற்கதை ஒன்றும் உண்டு. ஆகவே, இன்று நாம் பேருந்தில் செவிப்பொறி மாட்டிக் கேட்கும் ஒலிநூல் ஓய்வுப் பொருளாகப் பிறந்ததன்று. பார்வையற்றோரின் உரிமையாகப் பிறந்தது என்பதை மறக்கலாகாது.

பொன்னியின் செல்வன்

ஒலிநூல் என்றால் எப்படி இருக்கும் என்று அறிவதற்காக, முதலில் நானே ஒன்றைக் கேட்டேன். கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னையே தேர்ந்தெடுத்தேன். 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த ஐந்து பாக நாவல் இது. கல்கியின் நூல்கள் 1999-இல் நாட்டுடைமை ஆனபின் பலர் இதைப் பதிப்பித்தனர். பலர் குரலில் பதிவும் செய்தனர்.

இதன் பருமனைக் கண்டு அஞ்சிப் பள்ளி நாளில் இருமுறை பாதியில் நிறுத்தியவன் நான். காதால் கேட்டபோது அந்த அச்சம் போயிற்று. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரை மீது வருகிறானே, அவனோடு நானும் நாள்தோறும் கல்லூரிக்கு வந்து போனேன். வாரந்தோறும் காத்திருந்த வாசகரை மனத்தில் வைத்து எழுதியமையால், ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்ததற்குக் கொக்கி போட்டு முடிகிறது. ஆசிரியரே இடையிடையே வாசகரை விளித்துப் பேசுகிறார். கதை சொல்லியின் குரல் அச்சிலேயே இருப்பதால் அது செவிக்கு எளிதில் பொருந்திவிடுகிறது எனலாம்.

ஆனால் ஒரு குறை. நான் கேட்ட பதிவில் நந்தினி பேசும்போதெல்லாம் படித்தவர் குரலை மாற்றி, நாடகத்து வில்லியைப் போல இழுத்து இழுத்துப் பேசினார். நந்தினியிடம் வஞ்சமும் உண்டு, துயரமும் உண்டு. எது எந்த அளவு என்பதை வாசகன் கடைசிவரை எடைபோட்டுக்கொண்டே இருக்கவேண்டும். குரல் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டது. படிப்பவரின் குரலும் ஓர் உரைதான். உரையாசிரியர் தவறினால் மூலமும் தவறாகவே தெரியும் என்பது எனக்குக் கிடைத்த முதற்பாடம்.

வாடிவாசல்

நண்பனுக்காக நான் படித்த முதல் நாவல் சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. 1959-இல் வந்த சிறு நாவல். சிறியது என்பதே நான் அதைத் தேர்ந்த காரணம்! செல்லாயி சல்லிக்கட்டு, ஒரே ஒரு பிற்பகல், ஜமீன்தாரின் காரிக்காளை. தன் தந்தை அம்புலியைக் குத்திச் சாய்த்த அந்தக் காளையை அணைய வந்திருக்கிறான் பிச்சி. கதை இவ்வளவே. இரண்டு மாலைகளில் படித்து முடித்தேன்.

முன்பு நான் இதைப் படித்தபோது, பிச்சி காளையை அடக்கும் இடத்தைத்தான் பெரிதாக எண்ணினேன். வாய்விட்டுப் படித்தபோது வேறொன்று புலப்பட்டது. இந்த நாவலில் பாதி பேச்சு. வாடிவாசலருகே நிற்கும் கிழவன், பிச்சி, மருதன் ஆகியோர் பேசும் பேச்சிலேயே காளையின் திமிலும் கொம்பும் குணமும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. காளையைக் கண்டிராத நண்பன், “கெழவன் பேசுத பேச்சுலயே எனக்கு மாடு தெரிஞ்சு போச்சு” என்றான். இறுதியில் ஜமீன்தார் தம் காளையைத் தாமே சுட்டு வீழ்த்தும் இடம் வந்ததும் அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “மாட்டுக்கு வெளையாட்டுன்னு தெரியாது. அந்த மனுசனுக்குமா தெரியாது?” என்று கேட்டான். அந்தக் கேள்வியை விடச் சிறந்த திறனாய்வு எனக்குத் தெரியவில்லை.

கோபல்ல கிராமம்

அடுத்து கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’, 1976-இல் வெளிவந்தது. தெலுங்கு பேசும் மக்கள் ஆட்சியாளரின் கொடுமைக்கு அஞ்சித் தெற்கே வந்து, கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறிய கதை. தண்ணீர் குடிக்கக் குனிந்த பெண்ணை நகைக்காக நீரில் அமுக்கிக் கொல்கிறான் ஒரு கள்வன். அவள் உயிர் போகும்போதும் அவன் கால் விரலைக் கவ்விய பிடியை விடவில்லை. அந்தத் தொடக்கத்தை மறக்கவே முடியாது.

நான் தஞ்சைப் பக்கத்தவன். கரிசல் பேச்சு என் நாவில் ஏறவில்லை. ஐந்து பக்கம் கேட்டுவிட்டு நண்பன் நிறுத்தச் சொன்னான்: “ஏலே, பரீட்சைக்கு வாசிக்கித மாதிரி வாசிக்கியே. எங்க ஆச்சி கதை சொல்லுத மாதிரி வாசி.” மங்கத்தாயாரு அம்மாள் என்னும் முதியவள் பழங்கதையைச் சொல்லும் பகுதிகளை அவனே சொல் சொல்லாகத் திருத்தினான். எங்கே நீட்டவேண்டும், எங்கே மூச்சு விடவேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. கண் என்னுடையது, காது அவனுடையது. இரண்டும் சேர்ந்துதான் அந்த நாவலைப் படித்தன.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஊர்க்காரர்களின் குணங்களையும் பட்டப்பெயர்களையும் ஒவ்வொருவராக விரித்துக்கொண்டே போகும் பக்கங்கள் இதில் உண்டு. மறுநாள் எனக்குத் தேர்வு. பழைய வழக்கப்படி மூன்று பக்கங்களைத் தாண்டிவிட்டேன். தெரியவா போகிறது என்று எண்ணினேன். நான்கு நாள் கழித்து அவன் என் அறைக்கு வந்து, “இந்த ஆளு முன்னால வரவே இல்லையே, யாரு இவன்?” என்றான். மழுப்பிப் பார்த்தேன், முடியவில்லை. உண்மையைச் சொன்னேன். அவன் கோபிக்கவில்லை. “நீ தாண்டிப் போனா, வேணுங்கும்போது திரும்பி வந்து பாத்துக்கிடலாம். எனக்குத் தாண்டிட்டா, அந்தப் பக்கமே கெடையாது” என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அன்றிரவு நான் அந்த மூன்று பக்கங்களையும் படித்தேன். தாண்டத்தக்க வரி ஒன்றும் அவற்றில் இல்லை. அந்த மனிதர்களை அறியாவிட்டால் அது வெறும் குடியேற்ற வரலாறு. அறிந்தால்தான் அது ஊர். இத்தனை ஆண்டுகளாக எத்தனை நாவல்களில் எத்தனை ஊர்களைத் தாண்டி வந்தேனோ என்று எண்ணி வெட்கினேன்.

18வது அட்சக்கோடு

கடைசியாகப் படித்தது அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. 1977-இல் வந்த நாவல். நிஜாம் ஆட்சியின் இறுதிக் காலம். சிகந்தராபாத்தில் வாழும் சந்திரசேகரன் என்னும் இளைஞன். கிரிக்கெட், கல்லூரி, சைக்கிள், மாடு ஆகியவற்றோடு அமைதியாகச் செல்லும் கதை. ஊர் மெல்ல மெல்லப் பிளவுபடுவது பெரிய சொற்களால் சொல்லப்படவில்லை. 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஐதராபாத்துக்குள் நுழைந்ததை என் நண்பன் பாடத்தில் படித்திருந்தான். “பாடத்துல அஞ்சு நாள்ல முடிஞ்சு போச்சு. இதுல முடியவே மாட்டேங்கு” என்றான்.

இறுதிக் காட்சியில், கலவரத்தின் நடுவே சந்திரசேகரன் ஒரு வீட்டிற்குள் நுழைந்துவிடுகிறான். தன் குடும்பத்தாரைக் காப்பாற்ற வேறு வழியறியாத சிறுபெண் ஒருத்தி, அவன் முன் தன் உடையைக் களைய முற்படுகிறாள். அவன் கூசி வெளியே ஓடுகிறான். இதைப் படிக்கும்போது என் குரல் தழுதழுக்க வேண்டுமென்று முன்னரே எண்ணி வைத்திருந்தேன். ஆனால் அந்த நடை அதற்கு இடம் தரவில்லை. உணர்ச்சியைக் கூட்டிப் படித்தால் பொய்யாக ஒலித்தது. மூன்று முறை அழித்துவிட்டு, நான்காம் முறை செய்தி படிப்பதுபோல் படித்தேன். நண்பன் மறுநாள் கூறினான்: “இதுதான் நீ நல்லா வாசிச்சது. நீ குறுக்க வரல.”

கற்றவை

கேட்பது படித்தலாகுமா என்று சிலர் வினவுகின்றனர். பேருந்தில் கேட்கும்போது மனம் அலைகிறது, நின்று எண்ணிப் பார்க்க இயலவில்லை, பெயர்கள் குழம்புகின்றன. இவை உண்மை. ஆனால் கண்ணால் படித்தபோது என் மனம் அலையாமலா இருந்தது? பக்கங்களையே தாண்டினேனே! அக்கறையோடு கேட்பவன் படிக்கிறான். அக்கறையின்றிப் புரட்டுபவன் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தும் படிப்பதில்லை. பேச்சால் நடக்கும் நாவலுக்குச் செவி பெருந்துணை. மௌனத்தால் நடக்கும் நாவலுக்குக் குரல் அடங்கி நிற்கவேண்டும். இவ்வளவுதான் வேறுபாடு.

மாணவ நண்பர்களே, இக்கல்லூரியில் உங்கள் குரலுக்காகக் காத்திருப்போர் சிலர் உண்டு. பாடக்குறிப்போடு நிறுத்திவிடாமல் ஒரு நாவலையும் படித்துக் கொடுங்கள். அது பிறர்க்குச் செய்யும் உதவி என்று எண்ணித்தான் நானும் தொடங்கினேன். உதவி பெற்றவன் நானே. இப்போது ‘மோகமுள்’ளை எடுத்திருக்கிறோம். பெரிய நாவல், பாட்டும் பாட்டைப் பற்றிய பேச்சும் நிறைந்தது. எனக்கோ இராகம் எதுவும் தெரியாது. ஆயினும் ஒரு பக்கத்தையும் தாண்டுவதாக இல்லை.