அறுவை சிகிச்சைக்குப் பிள்ளையின் சொந்த இரத்தம்

லிட்டில் இந்தியா வட்டாரப் பெற்றோர் கவனத்திற்கு:

முதுகெலும்பு வளைவைச் சரிசெய்வது போன்ற, முன்கூட்டியே தேதி குறித்த அறுவை சிகிச்சைக்கு, பிள்ளையின் சொந்த இரத்தத்தையே முன்னதாக எடுத்துச் சேமிக்கலாம்.

எடுக்கும் அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது. இரத்தம் சுமார் 5 வாரமே கெடாமல் இருக்கும். கடைசியாக எடுப்பது அறுவைக்கு 3 நாளாவது முன்பு இருக்கவேண்டும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைந்தாலோ, நோய்த்தொற்று இருந்தாலோ எடுக்கமாட்டார்கள்.

இரத்தம் எடுத்தபின் சோகை வரலாம். மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள். அதனுடன் தேநீர் வேண்டாம்.

இம்முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது. பொருந்தாவிட்டால் கலங்க வேண்டாம். இரத்த வங்கியில் பரிசோதித்த தான இரத்தமும் பாதுகாப்பானதே. அறுவைத் தேதி கிடைத்தவுடனே மருத்துவரிடம் கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் நேரம் போதாது.