தோட்டக் கைக்கருவிகளுக்குப் பிடி அமைக்கும் முறை

குடியானவர்கள் மண்வெட்டியோ அரிவாளோ வாங்கும்பொழுது இரும்பைத் தட்டிப் பார்ப்பர். விளிம்பைத் தடவிப் பார்ப்பர். அதன் பின்னரே விலை பேசுவர். பிடியைக் கவனிப்போர் சிலரே. ஆயினும் காலை முதல் மாலை வரை உழைப்பாளியின் கையில் இருப்பது பிடியேயாகும். அது கைக்குப் பொருந்தாவிடின் உள்ளங்கை கொப்புளிக்கும், மணிக்கட்டு வலிக்கும், முதுகு கூனும். ஆட்களுக்குத் தேக சிரமமும், தோட்டக்காரருக்கு வேலைக் குறைவும் ஒருங்கே விளையும். திருந்திய பிடிக்கு ஆகும் அதிகச் செலவோ மிகவும் அற்பம்.

2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தனி ஜில்லாவாக அமைந்த தென்காசிப் பிரதேசத்தில் தோட்டவேலை பலவகைப்பட்டது. குற்றால மலைச்சரிவில் கிராம்பு, ஜாதிக்காய், மங்குஸ்தான் முதலியன பயிராகின்றன. பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கங்களில் காய்கறியும், புளியங்குடிப் பக்கத்தில் எலுமிச்சையும் விசேஷம். மம்பட்டி, களைக்கொட்டு, அரிவாள், கவாத்துக் கத்தரி ஆகிய யாவும் இங்கே உபயோகத்திலுள்ளன. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் வீசும் காலத்தில் கையும் பிடியும் ஈரமாகவே இருக்கும். ஈரத்தில் நழுவும் பிடியை உழைப்பாளி தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்க நேர்வதால் கை விரைவில் ஓய்ந்துவிடும்.

பருமன்

முதலில் கவனிக்க வேண்டியது பிடியின் பருமன். பலமாக வெட்டும் அல்லது கொத்தும் கருவிக்கு 1¼ அங்குலம் முதல் 2 அங்குலம் வரை குறுக்களவு தகுதியானது என்பது தொழிற் சுகாதார நிபுணர்களின் கொள்கை. சிறிய கையுடையோருக்குக் கீழளவை ஒட்டியிருத்தல் நலம். இதனை அறிய அளவுகோலும் வேண்டியதில்லை. பிடியை மூடிப் பிடித்தால் கட்டைவிரலின் நுனி ஆள்காட்டி விரலின் நுனியைத் தொட்டுச் சற்றே மேலேறி நிற்க வேண்டும். விரல்கள் எட்டாவிடில் பிடி பெரிது. விரல் நுனிகள் உள்ளங்கையில் அழுந்தினால் பிடி சிறிது. ஒரு நூலைப் பிடியைச் சுற்றி அளந்தாலும் போதும்: சுற்றளவு 4 அங்குலமாயின் குறுக்களவு ஏறக்குறைய 1¼ அங்குலம், 4¾ அங்குலமாயின் 1½ அங்குலம்.

நீளமும் வடிவமும்

ஒரு கையால் பிடிக்கும் கருவியின் பிடி 4 அங்குலத்திற்குக் குறையலாகாது. 5 அல்லது 6 அங்குலம் இருப்பது உத்தமம். பிடி குட்டையாயின் அதன் முனை உள்ளங்கையின் நடுவில் குத்தும். அவ்விடத்தில் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் ஓடுவதால் நாளடைவில் விரல்கள் மரத்துப்போக ஏதுவாகும். ஆகவே முனை உள்ளங்கையைக் கடந்து நிற்க வேண்டும்.

அரிவாள் போன்ற, ஒரு பக்கமாகவே வெட்டும் கருவிக்கு உருண்டைப் பிடியைவிட முட்டை வடிவப் பிடி மேலானது. அது கையில் சுழலாது; பாராமலே விளிம்பு இருக்கும் திசையைக் கை அறியும். விரல்களுக்கென்று தனித்தனிப் பள்ளம் வெட்டுவது பார்வைக்கு அழகாயினும் பிரயோஜனமற்றது. ஒருவர் விரலுக்கு அமைந்த பள்ளம் மற்றொருவர் விரலுக்கு மேடாகி உறுத்தும். கூர்மையான ஓரங்களை மட்டும் சீவி மழுக்கினால் போதுமானது.

மணிக்கட்டும் முதுகும்

விரல்களை இயக்கும் தசைநார்கள் மணிக்கட்டிலுள்ள ஒடுங்கிய வழியே செல்கின்றன. மணிக்கட்டு வளைந்தபடி வேலை செய்தால் அவை உராய்ந்து வீங்கும். பிடிப்பின் பலமும் குறையும். ஆகவே வளைய வேண்டுமாயின் கருவி வளையட்டும், கை நேராக இருக்கட்டும் என்பதே விதி. வெட்டுமிடத்தில் மணிக்கட்டு நேராக நிற்கும்படி இரும்பையோ பிடியையோ சாய்த்து அமைக்குமாறு கொல்லரிடம் சொல்ல வேண்டும்.

முதுகைக் காப்பது காம்பின் நீளம். இதற்கு அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியா மாகாணம் ஒரு படிப்பினை. அங்கே கோஸு போன்ற இலைக்கறித் தோட்டங்களில், களை எடுக்கவும் நெருங்கிய நாற்றுகளைக் கலைக்கவும் குட்டைக் காம்புள்ள கொத்துகளைக் கொடுத்து, கூலியாட்களை நாள் முழுதும் குனிந்தே வேலை செய்ய வைத்தனர். நீண்ட காம்பாயின் பயிர் பழுதாகும் என்பது தோட்ட முதலாளிகளின் வாதம். முதுகெலும்பு கெட்ட தொழிலாளரைப் பரிசோதித்த வைத்தியர்கள் அதற்கு எதிராகச் சாட்சி கூறினர். முடிவில் 1975-ஆம் ஆண்டில் அம்மாகாண உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் விளைவாகக் குட்டைக் கொத்து தடை செய்யப்பட்டது. தோட்டங்கள் அழியவில்லை, நீண்ட காம்பைக் கொண்டே வேலை நடந்து வருகிறது.

கத்தரி, வெண்டை முதலியவற்றைச் சால்விட்டு நட்டிருக்கும் தோட்டங்களில் இரு வரிசைகளுக்கு இடையேயுள்ள களையை நீண்ட காம்புக் கருவியால் நின்றபடியே எடுக்கலாம். காம்பை நிலத்தில் ஊன்றினால் அதன் தலை உழைப்பவரின் தோளுக்கும் மோவாய்க்கும் இடையே வருதல் தகுதி. செடியின் தூரை ஒட்டிய களைக்கு மாத்திரம் குட்டைக் களைக்கொட்டு போதும். இவ்வாறு பிரித்துக்கொண்டால் குனிந்திருக்கும் நேரம் வெகுவாகக் குறையும்.

கவாத்துக் கத்தரி

எலுமிச்சைக் கிளையைக் கழிக்கும் கத்தரியில் இரு பிடிகளுக்கும் உள்ள இடைவெளி, மூடிய நிலையில் 2 அங்குலத்திற்குக் குறையாமலும், திறந்த நிலையில் 3½ அங்குலத்திற்கு மிகாமலும் இருக்க வேண்டும். தானே திறந்துகொள்ளும் வில் இருப்பது அவசியம். இல்லாவிடில் ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் விரல்களால் விரித்துத் திறக்க நேரும்.

மரமும் பொருத்தும் விதமும்

காம்புக்குக் கருவேலமரம், புளியமரம் முதலியவற்றின் வைரம் பாய்ந்த பாகம் ஏற்றது. நார் நீளவாக்கில் நேராக ஓட வேண்டும்; கணுவுள்ள இடத்தில் காம்பு முறியும். பச்சை மரத்தைப் பொருத்தினால் பின்னர் உலர்ந்து சுருங்கித் தளர்ந்துவிடும். ஆதலால் நிழலில் நன்கு உலர்த்திய பின்பே செதுக்க வேண்டும். தளர்ந்த கருவியைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்கும் வழக்கம் தற்காலிகமானதே. உலர்ந்தவுடன் முன்னிலும் அதிகமாகத் தளரும். ஆப்பு அடித்து இறுக்குவதே முறை.

வார்னிஷ் பூசிய பிடி ஈரத்தில் வழுக்கும். அதைச் சுரண்டிவிட்டு ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்துச் சில நாள் காயவிட்டால், அது மரத்தினுள் உறைந்து ஈரத்தைத் தடுக்கும். தேங்காய் எண்ணெய் இவ்வாறு உறையாதாகையால் இதற்கு ஆகாது.

யார் கைக்கு அளவு?

போபாலிலுள்ள மத்திய வேளாண்மைப் பொறியியல் நிலையம் இந்திய விவசாயத் தொழிலாளரின் உடல் அளவுகளையும் பலத்தையும் தொகுத்து 2009-ல் ஒரு நூலாக வெளியிட்டது. ஆண்களின் அளவும் பெண்களின் அளவும் அதில் வெவ்வேறாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. களை எடுப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். கருவியை வாங்கி வருபவர் ஆணாகவும், அதைப் பிடிப்பவர் பெண்ணாகவும் இருக்கும் வீட்டில், அவ்வளவு வேற்றுமை முழுவதும் பெண்ணின் கையிலேயே வந்து விடிகிறது.

இதற்குப் பரிகாரம் கிராமத்திலேயே உண்டு. ஆலையில் வார்த்த பிடியை மாற்றுவது கடினம். ஊர்த் தச்சர் செதுக்கும் பிடியையோ அரைமணி நேரத்தில் திருத்திவிடலாம். ஆகவே கருவியை உபயோகிப்பவரையே பட்டறைக்கு அழைத்துச் சென்று, பிடித்துப் பார்க்கச் செய்து, அவர் கைக்குத் தக்கபடி சீவிக்கொள்ளுதல் வேண்டும். அடுத்த சாரல் தொடங்குமுன் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியின் பிடியையும் நூலால் அளந்து, தளர்ந்ததை இறுக்கி, பொருந்தாததை மாற்றிவைப்பது தோட்டமுள்ள ஒவ்வொருவருக்கும் கடமையாகும்.