கொயில் கட்டப் பழகும் தம்பிமாருக்கு

1. படுவான்கரை வயல் பம்ப் வந்தாலும் ஏறாவூர் அரிசி மில் மோட்டர் வந்தாலும் கருகிய கம்பியை மட்டும் பார்க்காதீர்கள். கம்பியைக் கடையில் வாங்கலாம். கோர் தகட்டின் குணத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

2. அந்தக் குணம் உருட்டாலையிலும் சூளையிலும் வருவது. இரும்பின் படிகம் கனசதுரம். அதன் விளிம்பு வழியேதான் காந்தம் இலகுவாக ஓடும். சாதாரணத் தகட்டில் படிகமணிகள் கண்ட திசையெல்லாம் பார்த்து நிற்கும். அவற்றை ஒரே திசைக்குத் திருப்பும் வழிக்கு 1934இல் நோர்மன் கொஸ் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றார். ஏறக்குறைய 3% சிலிக்கன் கலந்த உருக்கைக் குளிர்நிலையில் உருட்டி, சூடாக்கி, கடைசியில் 1200 பாகை செல்சியஸ் அளவில் நெடுநேரம் வைக்கிறார்கள். உள்ளே கிடக்கும் நுண்துகள்கள் மற்ற மணிகளை வளரவிடாமல் பிடித்துக்கொள்ள, சரியான திசை பார்த்த சில மணிகள் மட்டும் அயலில் உள்ளவற்றை விழுங்கிச் சென்ரிமீற்றர் அளவுக்குக்கூடப் பெருக்கும். ட்ரான்ஸ்போமர் தகடு இப்படிப் பிறந்தது. சிறிய ட்ரான்ஸ்போமருக்குப் பழைய தகடு வெட்டினால், உருட்டிய திசையும் காந்தம் ஓடும் திசையும் ஒன்றாக இருக்கட்டும்.

3. மோட்டரில் காந்தம் சுழல்வதால் எல்லாத் திசையும் சமமாக வேண்டும். அதன் மணிகள் 0.1 மில்லிமீற்றர் அளவு. அதிலும் சிறுத்தால் காந்தம் திரும்பத் திரும்ப மாறும்போது இழப்புக் கூடும். மிகப் பெருத்தால் தகட்டுக்குள் சுழலும் கரண்ட் கூடும்.

4. பழைய கொயிலைக் காஸ் டோர்ச்சால் எரிக்காதீர்கள். இதை எத்தனை தரமும் சொல்வேன். தகடுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய பூச்சு கருகினால் தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுக் கரண்ட் சுற்றும், கோர் கொதிக்கும். கட்டுப்பாடுள்ள அடுப்பில் வையுங்கள். சாதாரணப் பூச்சுக்கு 370 பாகையைத் தாண்டக்கூடாது. வெப்பமானி கோரைத் தொட்டபடி இருக்க வேண்டும், அடுப்புக் காற்றை அளந்து பயனில்லை.

5. சுத்தியலால் அடித்தால் மணிகள் நெரிந்து இழப்புக் கூடும். தொழிற்சாலையில் 800 பாகையளவில் சூடாக்கி அதை ஆற்றுவார்கள். நம் பட்டறையில் அது நடவாது. உட்புறத்தை அரமும் போடாதீர்கள், பிசிறு தகடுகளை இணைத்துவிடும்.

6. வாவிக் காற்றில் உப்பு உண்டு. கழற்றிய ஸ்டேற்றரை வெளியே போடாதீர்கள்.

7. கழற்றுமுன் ஒருமுறை, எரித்தபின் ஒருமுறை, கோரைச் சுற்றிக் கேபிள் கட்டிக் கரண்ட் கொடுத்துச் சூட்டை ஒப்பிடுங்கள். உங்கள் மேஸ்திரி பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். ஓரிடம் தனியாகச் சுட்டால் மறைத்துக் கட்டிக் கொடுக்காதீர்கள். மோட்டர்காரரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.