மயக்கத்தில் மூச்சுக்குக் காவல்

ஈதரும் குளோரபாரமும் 19-ஆம் நூற்றாண்டின் இடையில் வழக்கிற்கு வந்தபின் இரண சிகிச்சையின் வேதனை நீங்கிற்று. ஆயின் வேறொரு கவலை பிறந்தது. ஆழ்ந்த மயக்கத்தில் தசைகள் தளர்வதால், நாவும் மெல்லண்ணமும் பின்சாய்ந்து மூச்சின் வழியை அடைக்கின்றன. சில நிமிஷத்துச் சிறு சிகிச்சையாயினும் அவ்வழியைக் காத்தல் இன்றியமையாதது. அதற்குரிய மூன்று சாதனங்களை ஈண்டு நாம் ஒப்பு நோக்குவோம்.

முதலாவது முகமூடி. இது மூக்கையும் வாயையும் மூடி நிற்கும். தொண்டைக்குள் ஒன்றும் செல்வதில்லை. ஆயின் தாடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டுதலின், மயக்கங் கொடுக்கும் வைத்தியரின் கை சிகிச்சை முடியுங்காறும் ஓய்வதில்லை. இரைப்பையினின்று மேலெழும் புளிப்பு நீரை இது தடுக்கவும் மாட்டாது.

இரண்டாவது மூச்சுக்குழலுட் செலுத்தும் குழாய். 1878-இல் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மக்யூவன் என்பார் மயக்கங் கொடுத்தற்கு இதனை வாய்வழியே செலுத்தினார். முதல் உலகப் போரின் பின்னர், முகஞ் சிதைந்த போர்வீரர்களின் சிகிச்சையில் ஐவன் மகில் இம்முறையைத் திருத்தி வளர்த்தார். குழாயைச் சூழ்ந்த காற்றுப்பை உப்பி இடைவெளியை அடைப்பதால், மூன்றனுள் இதுவே நுரையீரலை நன்கு காப்பது. எனினும், குரல்வளையை நோக்குங் கருவியும், பெரும்பாலும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் இதற்கு வேண்டும். பின்னர்த் தொண்டை வலியும் தோன்றலாம்.

மூன்றாவது குரல்வளை முகமூடி. 1981-இல் இங்கிலாந்தில் ஆர்ச்சி பிரெய்ன் வகுத்த இது, 1988 முதல் அந்நாட்டு மருத்துவமனைகளிற் பரவிற்று. இதன் நுனியிலுள்ள நீள்வட்டக் காற்றுப்பை குரல்வளையின் வாயிலைச் சூழ்ந்து படியும், உள்ளே நுழையாது. ஆதலின் வைத்தியரின் கை விடுபடும். தளர்த்தும் மருந்தும் பெரும்பாலும் வேண்டா. 2007-இல் வந்த 'ஐ-ஜெல்' என்னும் வகையில் ஊதும் பை இல்லை; இரைப்பை நீர் வெளியேறத் தனி வழி உண்டு. ஆயினும் நுரையீரலுக்கு இவை முழுக் காவலாகா.

பட்டினியிருந்த ஒருவருக்குக் கையிலோ காலிலோ செய்யும் குறுகிய சிகிச்சைக்கு மூன்றாவது மிகப் பொருந்தும். இரைப்பை நிறைந்தோர், கர்ப்பம் முதிர்ந்தோர், குடலடைப்புற்றோர் ஆகியோர்க்கு முழு மயக்கங் கொடுக்க நேரின், சிகிச்சை பத்து நிமிஷமேயாயினும் குழாயே தக்கது. தேர்வை முடிவு செய்வது நேரத்தின் அளவு மட்டுமன்று, இரைப்பையின் நிலையுமாம்.

இதனால் நோயாளிக்கும் ஒரு கடமை உளதாகின்றது. மயக்கத்திற்கு முன் இலேசான உணவை 6 மணி நேரமும், தெளிந்த நீரை 2 மணி நேரமும் விலக்குதல் பொது விதி. பாலிட்ட காப்பி நீராகாது, உணவென்றே எண்ணப்படும். 'ஒரு வாய்தானே' என்று ஒளியாது, உண்டதனை வைத்தியரிடம் உரைத்தல் வேண்டும். அவர் சாதனத்தைத் தேர்வது அவ்வுரையைக் கொண்டே.