பழந்துணியும் ஓர் ஊசியும்

பருத்திச் சேலை ஒன்று பல ஆண்டுகள் உடுத்தப்பட்ட பின்னர்க் கிழியத் தொடங்குகிறது. ஆனால், எல்லா இடத்திலும் அது ஒரே காலத்தில் கிழிவதில்லை. நடக்கும்போது மிதிபடும் கீழ்க்கரை முதலில் நைந்துபோகும். இடுப்பில் செருகும் பகுதி அடுத்து இளைக்கும். மற்ற இடங்களில் நல்ல துணி இன்னும் பல முழம் எஞ்சியிருக்கும். சட்டையில் கழுத்துப்பட்டையின் மடிப்பும் முழங்கையும் தேய்ந்த பிறகும் முதுகுப் பகுதி உறுதியாகவே இருக்கும். முழுக்காற்சட்டையில் முழங்கால் வெளுத்துவிடும். அதற்குக் கீழே உள்ள துணி ஏறக்குறையப் புதியது.

ஆகவே, பழந்துணியிலிருந்து புதுப்பொருள் செய்பவர் முதலில் கத்தரிக்கோலை எடுப்பதில்லை. துணியை வெளிச்சத்திற்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறார். ஒளி மிகுதியாகக் கசியும் இடம் நைந்த இடம். பிறகு இரு கைகளாலும் மெல்ல இழுத்துப் பார்க்கிறார். இழை பிரிந்தால் அப்பகுதியை விலக்கிவிடுகிறார். இந்தத் தேர்வில் தவறினால், எத்தனை அழகாகத் தைத்தாலும் பொருள் நிலைக்காது.

தைத்தலைக் குறிக்கத் தமிழில் ‘துன்னல்’ என்னும் பழஞ்சொல் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படையில், கரிகாலனை நாடிச் சென்ற பொருநன் தையல் போட்ட கந்தலை உடுத்தியிருந்தான் என்றும், அரசன் அதனைக் களையச் செய்து மெல்லிய புத்தாடை வழங்கினான் என்றும் கூறப்படுகிறது. அங்கே ஒட்டுத்துணி வறுமையின் அடையாளம். ஆனால், வீட்டுக்குள் அதற்கு வேறொரு மதிப்பும் இருந்தது. பிறந்த குழந்தையைப் பலமுறை துவைத்த பழைய வேட்டியில் ஏந்துவது தமிழ்நாட்டு வழக்கம். தூளி கட்டுவதற்கும் தாயின் பழைய சேலையே எடுக்கப்படும். புதுத்துணியில் கஞ்சியின் விறைப்பு இருக்கும். துவைக்கத் துவைக்கப் பருத்தி மென்மையாகும். கடையில் விலை கொடுத்தாலும் அந்த மென்மை எளிதில் கிடைப்பதில்லை.

இதனை அறிந்தவர்கள் தமிழர் மட்டும் அல்லர். பீகாரில் பழந்துணித் துண்டுகளை இணைத்துப் பச்சிளங்குழந்தைக்குப் போர்வை தைக்கும் வழக்கம் உண்டு; அதற்குச் சுஜனி என்று பெயர். கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் செய்யும் ஒட்டுப் போர்வை கவந்தி எனப்படும். ஒரு மூலையில் தொடங்கி, ஓரம் ஓரமாகச் சுற்றி வந்து நடுவில் தையலை முடிப்பார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துண்டுகளை வைத்துத் தைப்பார்கள். அவற்றைப் பூ என்று அழைப்பார்கள். பூ வைக்காத போர்வை அவர்களுக்கு நிறைவு பெறாத போர்வையே.

எல்லாவற்றிலும் புகழ்பெற்றது வங்காளத்தின் காந்தா. வடமொழியில் ஒட்டுத்துணியைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். தமிழின் ‘கந்தை’யும் அச்சொல்லின் உறவே. பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நெருக்கமாகத் தையல் ஓட்டி, அவற்றை ஒரே துணியாக்குவார்கள். வண்ண நூலையும் கடையில் வாங்காமல், சேலைக் கரையிலிருந்து இழை இழையாக உருவி எடுத்துக்கொள்வார்கள். அந்நூலால் தாமரை, மீன், யானை, தேர் ஆகியவற்றைத் தைப்பார்கள். வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட நீண்ட கதைப்பாடல் ஒன்று இத்தகைய போர்வையைப் பற்றியது. கணவன் ஊரை விட்டு மறைந்துபோகிறான். காத்திருக்கும் மனைவி தங்கள் வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவில் தைக்கிறாள். தான் இறந்தபின் அதனைத் தன் கல்லறையின்மீது விரிக்குமாறு கேட்டுக்கொள்கிறாள். எழுதத் தெரியாத பெண்களுக்கு ஊசியே எழுதுகோலாக இருந்தது.

பணிமாற்றம் பெற்று ஊர் விட்டு ஊர் செல்லும் குடும்பங்களில் பழந்துணி ஒரு சிக்கலாகிவிடுகிறது. பெட்டியில் இடம் இருப்பதில்லை. ஒரு மூட்டை பழந்துணிக்கு ஓர் எவர்சில்வர் பாத்திரம் தருபவர்கள் தில்லித் தெருக்களிலும் வருவார்கள், தமிழ்நாட்டுத் தெருக்களிலும் வருவார்கள். அதில் குறையொன்றும் இல்லை. ஆயினும், மறைந்துபோன பாட்டியின் சேலையைப் பாத்திரத்திற்குக் கொடுக்க எவருக்கும் கை வராது. உடுத்தவும் மனம் இருக்காது. ஐந்தரை மீட்டர்ச் சேலையை நீளவாக்கில் நான்காக மடித்தால் ஏறக்குறைய 1.4 மீட்டர் நீளமும் 1.1 மீட்டர் அகலமும் உள்ள நான்கடுக்குத் துணி கிடைக்கும். ஓரங்களை உள்மடித்து, இரண்டு விரல் இடைவெளியில் வரிவரியாகத் தைத்தால் அது ஒரு சிறுவர் போர்வை. பெட்டியின் ஒரு மூலையில் அது அடங்கிவிடும்.

இதற்குத் தேவையானது ஒரே தையல்தான். ஊசி துணியின் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை எனச் சம இடைவெளியில் ஓடுவது ஓட்டத் தையல். நூல் ஒரு கை நீளத்திற்கு மேற்படாமல் இருப்பது நல்லது. நீண்ட நூல் சிக்கிக்கொள்ளும். சுமை தாங்க வேண்டிய இடத்தில் மட்டும் ஓட்டத் தையல் போதாது. அங்கே ஒவ்வொரு முறையும் ஊசியை ஒரு தையல் அளவு பின்னால் கொண்டுசென்று குத்தி, முன்னே எடுக்க வேண்டும். இது பின் தையல். இதில் இடைவெளி விழாது; இழுத்தாலும் எளிதில் பிரியாது.

முதன்முதலில் தைப்பவர்க்கு ஏற்றது ஒரு பை. பழைய முழுக்காற்சட்டையின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே குறுக்காக வெட்டிக்கொள்ள வேண்டும். இருபக்கமும் முன்பே தைக்கப்பட்டிருக்கும். கீழ் ஓரமும் மடித்துத் தைக்கப்பட்டிருப்பதால் அதனையே பையின் வாயாகக் கொள்ளலாம். உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, வெட்டிய முனையை விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. தள்ளிப் பின் தையலால் மூடினால் அடிப்பகுதி முடிந்தது. மற்றொரு காலிலிருந்து 40 செ.மீ. நீளமும் 8 செ.மீ. அகலமும் உள்ள பட்டையை வெட்டி, இருமுறை மடித்து, நீளவாக்கில் தைத்தால் பிடி கிடைக்கும். பிடியின் இரு முனைகளையும் பையின் வாயில் எதிரெதிரே வைத்து, சிறு சதுரமாகத் தைத்து, சதுரத்திற்குள் பெருக்கல் குறிபோல் மீண்டும் தைக்க வேண்டும். பெரும்பாலான பைகள் அறுவது பிடி சேரும் இடத்தில்தான்.

தமிழ்நாட்டில் ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு மஞ்சள் துணிப்பை இருந்தது. நெகிழிப்பை வந்ததும் அது மறைந்தது. அதனை மீண்டும் கொண்டுவர 2021-இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. காற்சட்டைப் பை மஞ்சளாக இருக்காது. ஆனால், ஐந்து கிலோ அரிசியைத் தயங்காமல் சுமக்கும்.

பயிற்சி

1. பொருள் அறிக: நைதல் – தேய்ந்து மெலிதல், களைதல் – நீக்குதல், பொருநன் – கலை நிகழ்த்திப் பரிசில் பெறுபவன், விளிம்பு – ஓரம்.

2. பிறந்த குழந்தைக்குப் பழந்துணியைத் தேர்ந்தெடுப்பது ஏன்?

3. ஓட்டத் தையலுக்கும் பின் தையலுக்கும் உள்ள வேறுபாடு யாது? பையின் அடிப்பகுதிக்கு எது ஏற்றது? காரணம் கூறுக.

4. ‘கை வராது’, ‘மனம் இருக்காது’ ஆகிய தொடர்களைச் சொந்த வாக்கியங்களில் அமைத்து எழுதுக.

5. நீங்கள் வாழும் ஊரில் ஒட்டுப் போர்வைக்கு என்ன பெயர் வழங்குகிறது? பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, அப்பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதுக. அது எவ்வாறு தைக்கப்படுகிறது என்பதை ஐந்து வரிகளில் விளக்குக.