ஆக்சிஜன் ஏறினால் மட்டும் போதுமா?

நம் அறக்கட்டளையில் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்க வருகிறவர்களிடம், "டாக்டர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எழுதியிருக்கிறார்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். சிலருக்கு இது வீண் கேள்வியாகப் படுகிறது.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 97 காட்டினால் நிம்மதி அடைகிறோம். அது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். கரியமில வாயு சரியாக வெளியேறுகிறதா என்பது அதற்குத் தெரியாது. ஆக்சிஜன் ஏறும்போது மூச்சு மெலிந்தாலும் அந்த 97 கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும்.

அதனால்தான் மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுக்கும்போது, நோயாளி வெளிவிடும் மூச்சையும் கேப்னோகிராஃப் கருவியால் அளக்கிறார்கள். 35 முதல் 45 வரை இருந்தால் சரி. மூச்சு நின்றால் திரையில் ஓடும் அலை உடனே படுத்துவிடும்.

வீட்டில் நம் கண்தான் கருவி. பீடி, சிகரெட், விறகடுப்புப் புகையால் நாள்பட்டு நுரையீரல் கெட்டவர்களுக்கு ஆக்சிஜன் அளவு மீறினால் கரியமில வாயு தேங்கலாம். அவர்களுக்குப் பொதுவாக 88 முதல் 92 போதும் என்பார்கள் மருத்துவர்கள். காலையில் தலைவலி, பேச்சில் குழப்பம், எழுப்பினாலும் தீராத தூக்கம் கண்டால், எண் நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பயந்துபோய்க் குழாயைச் சட்டென்று கழற்றுவதும் ஆபத்து. மாட்டியபடியே அழைத்துச் செல்லுங்கள்.