சாக்பீஸும் டேப்பும் முதலில்

மூணாறு டவுனில் கண்ணன் தேவன் தேயிலைக் கம்பெனியின் அலுவலகம் இருக்கும் கட்டடம் ஒரு காலத்தில் ரயில் நிலையம். 1924 ஜூலை வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை அடித்துக்கொண்டு போனது. தண்டவாளம் போயிற்று, நிலையம் நின்றது. இன்றைக்கும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

பழைய கட்டடத்தை வேறு பயனுக்கு மாற்றும் ப்ராஜெக்ட் கையில் வந்ததும், இன்டீரியர் ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் பலர் அன்று ராத்திரியே கபேயோ ஹோட்டலோ வரைந்துவிடுகிறார்கள். இடத்தை இன்னும் பார்த்திருக்கமாட்டார்கள். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கட்டடம் இதுவரை என்ன வேலை பார்த்தது என்று கண்டுபிடித்த பிறகுதான் கற்பனைக்கே வேலை.

தேயிலை ஃபேக்டரியைப் பாருங்கள். மேல் மாடிகளில் கொழுந்தை வாடப் போடுவார்கள். காற்று குறுக்கும் நெடுக்கும் ஓடவேண்டும் என்றுதான் சுவர் நீளத்துக்கு ஜன்னல் வைத்தார்கள். வாடிய இலை கீழ்த்தளத்து ரோலருக்கு இறங்கும். இலைக்காகச் செய்த வெளிச்சமும் காற்றும் மனிதருக்கும் ஆகும் அல்லவா? இலங்கையில் நுவரெலியா பக்கம், கந்தப்பளையில், ஹெதர்செட் ஃபேக்டரி 1996இல் ஹோட்டலானபோது இதுதான் நடந்தது. கொழுந்து வாடிய தளங்களே தங்கும் அறைகளாயின. வெளியே நின்று பார்த்தால் இன்றும் ஃபேக்டரிதான். அந்த ஜன்னல் வரிசையைக் கண்ணாடிச் சுவராக மாற்றியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

மூணாறு நல்லதண்ணி எஸ்டேட் தேயிலை மியூசியத்தில், 1913இல் தமிழ்நாட்டு நாசரேத் தொழிற்பள்ளியில் செய்த சூரியக் கடிகாரம் இருக்கிறது. அது பார்க்கும் வேலையை நீங்கள் ஒரு சாக்பீஸால் செய்யலாம். பாலக்காடு கல்பாத்தி அக்ரஹாரத்தில் ஒரு வீட்டில் அனுமதி கேட்டு, முற்றத்தில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். மணிக்கு ஒரு தடவை வெயில் விழும் எல்லையைத் தரையில் கோடு போடுங்கள். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர்தான், ஜன்னலுக்கு இடமில்லை. கூடத்துக்கும் ரேழிக்கும் வெளிச்சம் வருவது பெரும்பாலும் முற்றத்தின் திறப்பு வழியாகத்தான். மழைக்குப் பயந்து மேலே ஷீட் போட்டு மூடினால் வீடு புழுங்கிப்போகும். சாயங்காலம் அந்தக் கோடுகளை அளந்து எடுத்தால் பாதி டிசைன் கையில் வந்துவிடும். ஐப்பசித் தேருக்கு வீதி நிரம்பும்போது திண்ணை எத்தனை பேரைத் தாங்குகிறது என்றும் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

போர்ட்ஃபோலியோவில் அழகான ரெண்டரிங்கை முன்னால் வைக்காதீர்கள். உங்கள் கையால் அளந்த பழைய பிளான் முதல் பக்கம். எதைத் தொடவில்லை, ஏன் தொடவில்லை என்பது அடுத்த பக்கம். வேலைக்கு எடுப்பவர் நிதானித்துப் பார்க்கும் பக்கம் அது. மரத்தளத்தின் மேல் புதிய பாரம் ஏற்றுகிறீர்களா? ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டி, அவர் சொன்னதை அங்கேயே குறித்துவையுங்கள்.

இன்னொரு விஷயம், சட்டம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். இன்டீரியர் டிசைன் பட்டம் மட்டும் இருந்தால் விசிட்டிங் கார்டில் கவனம். ஆனாலும் வாய்ப்புக்குக் குறைவில்லை. மூணாறு வட்டாரத்தில் புதிதாகக் கட்ட வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். இருப்பதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு அங்கே தேவை இருக்கிறது.

பீர்மேடு பக்கம் 2000 வாக்கில் மூடிய எஸ்டேட்களின் ஃபேக்டரிகள் துருப்பிடித்து நிற்கின்றன. ப்ராஜெக்டுக்கு அங்கே போகிறவர்கள், ஃபேக்டரிக்குள் நுழையுமுன் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போங்கள். அந்த மெஷின்களை ஓட்டியவர்களும் கொழுந்து கிள்ளியவர்களும் ஒழுகும் கூரைக்குக் கீழே இன்னும் இருக்கிறார்கள். அந்த இடம் என்னவாக வேண்டும் என்று அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை, சொன்ன வார்த்தையிலேயே, முதல் ஷீட்டில் எழுதுங்கள்.